ஆர்ச்சரிப் பண்ணையின் மகன்: ஜிம்மி கார்ட்டரின் நூறாண்டு வாழ்வும் தொண்டும்

திருச்சபையின் வரலாற்றில் ஆயர்களுக்கும் மிஷனெரிமாருக்கும் கிடைக்கும் இடம் பொதுநிலை விசுவாசிகளுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கும் சிறிதளவு இடத்திலும் அவர்களுடைய நற்செயல்கள் வரிசைப்படுத்தப்படுகின்றனவேயன்றி, அவர்கள் எங்கே பேசாதிருந்தனர் என்பது விடப்பட்டுவிடுகிறது. அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் நினைவுரைக்கு அது பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதைக் கடந்த நிலையில், தாம் பிறந்த சிற்றூரிலேயே இறையடி சேர்ந்த ஜிம்மி கார்ட்டரின் வாழ்வை அக்கண்கொண்டு நோக்க விழைகிறோம். அன்னார் நான்கு ஆண்டுகள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்பதை உலகம் அறியும். நூறாண்டில் அது நான்கே ஆண்டு. எஞ்சிய தொண்ணூற்றாறு ஆண்டுகளில் அவர் பண்ணைச் சிறுவனாகவும், கடற்படை அலுவலராகவும், நிலக்கடலை வணிகராகவும், ஓய்வுநாட் பள்ளி ஆசிரியராகவும், ஊர்த் தொண்டராகவும் வாழ்ந்தார். நம் கருத்தைக் கவர்வது அந்தப் பகுதியே.

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள பிளெயின்ஸ் என்னும் சிற்றூரில் 1924 அக்டோபர் 1 அன்று அவர் பிறந்தார். தந்தை ஏர்ல் கார்ட்டர் நிலக்கிழார். தாய் லில்லியன் பயிற்சி பெற்ற செவிலியர். 1928-இல் குடும்பம் சில மைல் தொலைவிலுள்ள ஆர்ச்சரி என்னும் குக்கிராமத்தில் 360 ஏக்கர் பண்ணையொன்றில் குடியேறியது. மின்விளக்கு இல்லை; குழாய்த் தண்ணீரும் தொடக்கத்தில் இல்லை. பொழுது புலர ஒரு மணி நேரம் இருக்கும்போதே பண்ணை மணி அடிக்கப்படும். கோவேறு கழுதைகளைப் பூட்டிக்கொண்டு ஆட்கள் வயலுக்குப் புறப்படுவர். பருத்திக் காயைத் துளைக்கும் வண்டை ஒழிக்க வெல்லப்பாகில் ஆர்செனிக் நஞ்சைக் கலந்து, செடிதோறும் துணிக் குஞ்சத்தால் தடவும் வேலை சிறுவர்க்குரியது. வெயிலில் ஈயும் பாகும் உடலெல்லாம் ஒட்டும் அவ்வேலையை அவர் முதிய வயதிலும் வெறுப்போடு நினைவுகூர்ந்தார். ஐந்து வயதிலேயே நிலக்கடலையை அவித்துப் பொட்டலமாகக் கட்டி, பிளெயின்ஸ் தெருக்களில் விற்றுக் காசு சேர்த்தார்.

ஆர்ச்சரியில் வாழ்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களுள் பலர் கார்ட்டர் நிலத்தில் கூலியாட்களாகவும் வாரக்குடிகளாகவும் உழைத்தவர்கள். சிறுவன் ஜிம்மியின் விளையாட்டுத் தோழர் அனைவரும் அவர்களுடைய பிள்ளைகளே. பெற்றோர் வெளியூர் சென்ற இரவுகளில் அவன் உறங்கியது ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் என்னும் கறுப்பினத் தம்பதியரின் குடிசையில். மீன் பிடிக்கவும், செடிகொடிகளை அறியவும், பிறரிடம் பரிவு காட்டவும் ரேச்சல் அம்மையாரிடமே கற்றதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். ஆயினும் பள்ளி வேறு, ஆலயம் வேறு, இரயில் வண்டியில் பெட்டியும் வேறு.

அந்த ஊரிலேயே மிகவும் கல்வியும் செல்வாக்கும் பெற்றிருந்தவர் ஒரு கறுப்பினத்தவர். ஆப்பிரிக்க மெதடிஸ்து எப்பிஸ்கோப்பல் சபையின் பேராயர் வில்லியம் ஜான்சன். பல மாநிலங்களுக்கு ஆயர். அவர் ஏர்ல் கார்ட்டரைக் காண வரும்போது பின்வாசலுக்குச் செல்வது தம் தகுதிக்கு ஒவ்வாது. முன்வாசலில் ஏறுவதோ அந்நாட்டு வழக்கத்துக்கு ஒவ்வாது. எனவே அவரது கார் முற்றத்தில் வந்து நின்று குழல் ஒலிக்கும். ஏர்ல் வெளியே வந்து மரத்தடியில் நின்று பேசுவார். பேராயரின் மகனோ முன்வாசலுக்கே வருவார். லில்லியன் அம்மையார் அவரை உள்ளே அழைத்து உரையாடுவார். அவ்வேளைகளில் ஏர்ல் கண்டும் காணாதவர்போல் எழுந்து போய்விடுவார். ஒரே வீட்டில் இரண்டு நெறிகள்! சபையிலே கீழோர் மேலோர் இருக்கைகளையும் கல்லறைத் தோட்டத்திலே தனிப்பகுதிகளையும் கண்டு வளர்ந்த நமக்கு இந்த முற்றத்து மரத்தடி அயலானதன்று. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதெனக் கட்டளையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த கிளர்ச்சியை நம் மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏறத்தாழப் பதினான்கு வயதில் நிகழ்ந்த ஒன்றைக் கார்ட்டர் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார். மேய்ச்சல் நிலத்தின் படலை அடைந்ததும் அவருடைய கறுப்பினத் தோழர் இருவர் ஒதுங்கி நின்று அவரை முதலில் போகவிட்டனர். அதற்கு முந்திய நாள்வரை முண்டியடித்து நுழைந்தவர்கள். காலில் சிக்கவைக்கக் கம்பி ஏதும் கட்டியிருக்கிறார்களோ என்றே அவர் முதலில் ஐயுற்றாராம். அவர்களுடைய பெற்றோர் சொல்லித் தந்திருக்க வேண்டும் என்பது பின்னரே விளங்கியது. அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. முதலில் நுழைந்து போனார். இந்த நுழைவை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

அக்காலப் பண்ணைச் சிறுவர்க்குக் கல்விக்கும் வெளியுலகிற்கும் வாய்த்த வழிகளுள் கடற்படை ஒன்று. 1943-இல் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்த அவர் 1946-இல் பட்டம் பெற்றபோது உலகப் போர் முடிந்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் தம் ஊரினளான ரோசலின் ஸ்மித்தை மணந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களில் பணிபுரிந்தார்; பசிபிக் கடலில் ஓர் இரவு அலையொன்று அவரைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து வாரிச் சென்று, தற்செயலாகப் பீரங்கிக் குழாயொன்றின்மேல் எறிந்ததால் உயிர் தப்பினார். மாணவராயிருந்த நாளிலேயே கடற்படையினரின் பிள்ளைகளுக்கு ஓய்வுநாட் பள்ளி நடத்தத் தொடங்கினார்.

1952 டிசம்பரில் கனடா நாட்டின் சாக் ரிவர் அணு உலையில் விபத்து நேர்ந்தது. உருகிப் பழுதுற்ற உலையைப் பிரித்தெடுக்க உதவும் பணிக்கு இருபத்தெட்டு வயதுக் கார்ட்டர் ஒரு குழுவுடன் அனுப்பப்பட்டார். கதிரியக்கம் மிகுதியாதலால் ஒருவர் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை நிமிடமே நிற்கலாம். அதற்காக வெளியே ஒரு மைதானத்தில் உலையின் மாதிரி அமைக்கப்பட்டது. எந்தத் திருகாணியை எவர் கழற்றுவது என்று அங்கே ஒத்திகை பார்த்து, பின் உள்ளே இறங்கி, ஓரிரு திருகாணிகளைக் கழற்றிவிட்டு வெளியேறினர். கழற்றப்பட்ட ஒவ்வொன்றும் மாதிரியிலிருந்தும் நீக்கப்பட்டது. ஒருவர் முடிக்க இயலாத வேலையைப் பலர் சிறுசிறு பங்காகச் செய்து முடிக்கும் அம்முறையை அவருடைய பிற்காலத் தொண்டிலும் காண்கிறோம்.

1953-இல் தந்தைக்குக் கணையப் புற்றுநோய் முற்றியது. விடுப்பில் வந்து படுக்கையருகே இருந்த மகன், அந்நாட்களில் வாசலில் வந்து நின்ற மக்களைக் கண்டு வியந்தார். கறுப்பரும் வெள்ளையருமாக வந்தவர்கள் ஒவ்வொருவரும், ஏர்ல் தமக்குச் செய்த ஏதோ ஓர் உதவியைச் சொன்னார்கள். திருப்பிக் கேட்காமல் விட்ட கடன், ஏழைப் பிள்ளைக்கு வாங்கித் தந்த உடை எனப் பலவும் அப்போதுதான் வெளிவந்தன. அதே ஏர்ல்தான் இன ஒதுக்கலில் உறுதியாக நின்றவர். பேராயரை முற்றத்தில் நிறுத்திப் பேசியவர். தாம் கடற்படையில் எவ்வளவு உயர்ந்தாலும் தம் மறைவை இத்தனை பேர் இப்படி உணரமாட்டார்கள் என்று மகன் எண்ணினார். அவ்வாண்டிலேயே படையிலிருந்து விலகி ஊர் திரும்பினார். ரோசலின் அம்மையாருக்கு இதில் சற்றும் இசைவில்லை. ஊர் வந்து சேரும்வரை கணவருடன் பேசவே மனமில்லாதிருந்தார். திரும்பிய முதலாண்டு வறட்சி. அரசு வாடகைக் குடியிருப்பில் தங்கி, விதைக்கடலையும் உரமும் விற்று அவர்கள் வாழ்வைத் தொடங்கினர்.

அதன்பின் அவர் ஏற்ற ஊர்ப்பணிகள் பல: சம்டர் மாவட்டப் பள்ளிக் குழு உறுப்பினர், பின்னர் அதன் தலைவர், நூலகக் குழு, மருத்துவமனைக் குழு, அரிமா சங்கத்தில் மாவட்டப் பொறுப்பு, பிளெயின்ஸ் பாப்திஸ்து சபையில் உதவிக்காரர். தந்தை செய்ததைத் தாமும் செய்யவே வந்தவர் அதைச் செய்தார். ஆனால் அந்த ஊர்த் தொண்டு எந்த ஊருக்கு? பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாதென உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்திருந்தது. அவர் பள்ளிக் குழுவில் இருந்த ஆண்டுகள் முழுவதும் சம்டர் மாவட்டப் பள்ளிகள் வெள்ளையர்க்கு வேறாகவும் கறுப்பர்க்கு வேறாகவுமே நடந்தன. வெள்ளைப் பிள்ளைகள் பேருந்தில் செல்ல, கறுப்புப் பிள்ளைகள் நடந்து சென்றனர் என்பது நெடுநாள் தம் கண்ணில் படவேயில்லை என்று அவரே பின்னர் எழுதினார். ஒன்று சொல்லவேண்டும். இன ஒதுக்கலைக் காக்க வெள்ளையர் அமைத்த குடிமக்கள் கழகத்தில் சேர அவர் மறுத்தார். சந்தாப் பணத்தைத் தாமே செலுத்திவிடுவதாகச் சொல்லி வந்த வாடிக்கையாளர்களுக்கும் இணங்கவில்லை. சில காலம் அவருடைய கடையைப் புறக்கணித்தனர். சேர மறுத்தது துணிவுதான். எதிர்த்துப் பேசியதாகாது.

அந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதை அறிய, பிளெயின்சிலிருந்து பத்து மைல் தொலைவுக்குள் இருந்த மற்றொரு பண்ணைக்குச் செல்லவேண்டும். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் முனைவர் பட்டம் பெற்ற பாப்திஸ்து போதகர் கிளாரன்ஸ் ஜோர்டனும், பர்மாவில் மிஷனெரியாயிருந்த மார்ட்டின் இங்கிலாண்டும் 1942-இல் கொய்னோனியா என்ற பெயரில் அப்பண்ணையைத் தொடங்கினர். அச்சொல்லின் பொருளை இவ்விதழின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் கண்ட முதற் சபையைப் போன்று, உடைமையைப் பொதுவாக வைத்து, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்பதே அவர்கள் நோக்கம். ஜோர்டன் வேளாண்மையும் கற்றவர். அக்கம்பக்கத்து ஏழை உழவர்க்கு நல்ல விதையும் கோழி வளர்ப்பும் கற்பித்தார்.

1950-இல் நம் நாட்டைச் சேர்ந்த வேளாண்மை மாணவர் ஒருவர் அங்கு விருந்தினராக வந்தார். இந்துவாகிய அவர் கிறிஸ்தவ ஆராதனையைக் காண விரும்பவே, பண்ணையார் அவரை ரெகொபோத் பாப்திஸ்து ஆலயத்துக்கு அழைத்துச் சென்றனர். அவருடைய கருநிறத்தைக் கண்ட சபையார், மாறுவேடத்தில் ஒரு கறுப்பரை ஆலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டதாகக் கொதித்தெழுந்தனர். கொய்னோனியாவைச் சேர்ந்தோர் அச்சபையின் உறுப்பினர் பட்டியலிலிருந்து வாக்கெடுப்பின்மூலம் நீக்கப்பட்டனர். இந்தியரான நாம் இச்செய்தியை அமெரிக்கச் சபை வரலாறு என்று தள்ளிவைக்க இயலவில்லை. அந்த மாணவர் ஊர் திரும்பி, தாம் கண்ட கிறிஸ்தவ ஆராதனையைப்பற்றி என்ன சொல்லியிருப்பார்?

1956, 1957 ஆண்டுகளில் நிலைமை முற்றியது. கொய்னோனியாவின் சாலையோரக் கடை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது; வீடுகளை நோக்கி இரவில் துப்பாக்கிகள் சுட்டன. அவர்களுக்கு விதை விற்பாரில்லை, உரம் விற்பாரில்லை, விளைபொருளை வாங்குவாரில்லை. காப்பீடு நீக்கப்பட்டது. அஞ்சல் வழியாகத் தொலைவிலுள்ளோருக்குக் கொட்டைப்பருப்பு விற்றே அவர்கள் உயிர் வாழ்ந்தனர். விதையும் உரமும் விற்பதையே தொழிலாகக் கொண்டிருந்த கார்ட்டர், ஓய்வுநாட் பள்ளி ஆசிரியரும் சபையின் உதவிக்காரருமான கார்ட்டர், அந்நாட்களில் அவர்களுக்காகப் பொதுவில் குரல் எழுப்பவில்லை. வெடி வைத்தோருள் அவர் இல்லை. அவர்களைக் கண்டித்தோருள்ளும் இல்லை. மேய்ச்சல் நிலத்துப் படலருகே நின்ற சிறுவன் வளர்ந்து முப்பது வயதைக் கடந்திருந்தான்.

1962-இல் மாநில மேலவைத் தேர்தலில் நின்றபோது, ஒரு மாவட்டத்தில் நடந்த வாக்குப்பெட்டி மோசடியை நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். 1965-இல் பிளெயின்ஸ் பாப்திஸ்து சபையில், கறுப்பின மக்களை ஆராதனைக்குள் அனுமதிக்கலாகாது என்னும் தீர்மானம் வந்தபோது அவர் எழுந்து அதற்கு எதிராகப் பேசினார். அவருடைய குடும்பத்தாரும் வேறொருவரும் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். சபையாரில் பலர் எப்பக்கமும் வாக்களியாமல் அமர்ந்திருந்தனர். அவ்வாறு அமர்ந்திருந்தோரைப்பற்றிய நம் எண்ணத்தை இங்கு எழுதாது விடுகிறோம்.

1966-இல் ஆளுநர் தேர்தலில் தோற்றது அவரை உலுக்கியது. அத்தோல்விக்குப் பின்னரே தம் விசுவாசம் மெய்யாகத் தொடங்கியதென அவர் கூறுவார். பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று நற்செய்தி அறிவிக்கும் பொதுநிலையினர் குழுவில் சேர்ந்தார். அங்கே கியூபாவிலிருந்து வந்த எலோய் குரூஸ் என்னும் போதகருடன் ஏழை ஸ்பானிய மொழியினரின் வீடுகளுக்குச் சென்றார். கடவுளையும், அந்நேரத்தில் நம் எதிரே நிற்கும் மனிதரையும் நேசிப்பதே போதும் என்ற அப்போதகரின் எளிய படிப்பினையைத் தம் ஓய்வுநாட் பாடங்களில் அவர் பல்லாண்டுகள் எடுத்துக்கூறினார்.

நேர்க்கோடாக உயர்ந்த வாழ்வு அன்று அது. 1970-இல் மீண்டும் ஆளுநர் பதவிக்கு நின்றபோது இன ஒதுக்கலை விரும்பிய வெள்ளையரின் வாக்குகளை நயந்து பெற்றார். வென்றபின் 1971 ஜனவரியில் பதவியேற்பு உரையிலேயே, இன வேறுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து அவ்வாக்காளரைத் திகைக்க வைத்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் உருவப்படத்தை மாநில மன்றத்தில் வைத்தார். வாக்குக் கேட்டபோது ஒன்றும் வாங்கியபின் ஒன்றுமாக நடந்ததைச் சிலர் அரசியல் திறமை என்பர். நாம் அதைக் குறையென்றே கொள்கிறோம். அறிவிப்பின் மதிப்பு அதனால் குன்றுவதில்லை.

குடியரசுத் தலைவராக அவர் இருந்த 1977 முதல் 1981 வரையான காலத்தைச் சுருக்கமாகவே கடக்கிறோம். கேம்ப் டேவிட் மலையகத்தில் 1978 செப்டம்பரில் எகிப்து, இஸ்ரவேல் தலைவர்களைப் பதின்மூன்று நாட்கள் வைத்துப் பேசி, 1979 மார்ச்சில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைக்கு வழிகோலியது அவருடைய பெரும் செயல். மனித உரிமையை வெளியுறவின் மொழியாக்கினார். ஈரானின் மன்னரைப் போன்ற நண்பர்களிடம் அம்மொழி தணிந்தே ஒலித்தது. விலைவாசியும், தெகரானில் 444 நாள் சிறைப்பட்டிருந்த தூதரகத்தாரின் துயரும் சேர்ந்து 1980 தேர்தலில் அவரை வீழ்த்தின. 1978 ஜனவரியில் அவர் நம் நாட்டுக்கு வந்தபோது சென்ற ஹரியானா சிற்றூர் தௌலத்பூர் நசீராபாத், அவர் நினைவாகக் கார்ட்டர்புரி எனப் பெயர் பெற்றது. ஆனால் நம் நாட்டுக்குத் தொண்டு செய்தவர் என்றால் அவருடைய தாயாரையே சொல்லவேண்டும். லில்லியன் அம்மையார் அறுபத்தெட்டு வயதில் அமைதிப் படையில் சேர்ந்து, 1966 முதல் 1968 வரை பம்பாயை அடுத்த விக்ரோலியில் தொழிலாளர் மருத்துவ நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றி, தொழுநோயாளரையும் தொட்டுப் பராமரித்தார். பேராயரின் மகனை முன்வாசல் வழியே அழைத்த அதே கைகள்.

1981 ஜனவரியில் பிளெயின்சுக்குத் திரும்பியபோது கார்ட்டருக்கு வயது ஐம்பத்தாறு. நிலக்கடலைத் தொழில் கடனில் மூழ்கியிருந்தது. சபையும் பிளவுற்றிருந்தது: 1976-இல் ஒரு கறுப்பினப் போதகர் உறுப்பினராகச் சேர வந்தபோது எழுந்த பூசலில் பழைய சபை கதவைத் திறக்க வாக்களித்ததாயினும், மனக்கசப்பு ஆறாமல் 1977-இல் ஒரு பகுதியினர் பிரிந்து மாரநாதா பாப்திஸ்து சபையை அமைத்திருந்தனர். கார்ட்டர் தம்பதியர் மாரநாதாவில் சேர்ந்தனர். அங்கே அவர் ஆலயத்துப் புல்லை வெட்டினார். அம்மையார் கழிவறைகளைத் துப்புரவு செய்தார். காணிக்கைத் தட்டுகளை அவரே மரத்தில் கடைந்து கொடுத்தார். 2019 வரை அவர் ஓய்வுநாட் பாடம் நடத்தினார்.

இனி, கொய்னோனியாவுக்குத் திரும்புவோம். வெடிகளுக்கும் புறக்கணிப்புக்கும் தப்பிய அப்பண்ணையில், 1968-இல் ஜோர்டனும் மில்லர்ட் ஃபுல்லர் என்னும் வழக்கறிஞரும் சேர்ந்து ஏழைகளுக்கு வட்டியில்லாக் கடனில் வீடு கட்டித் தரும் திட்டத்தை வகுத்தனர். ஜோர்டன் அடுத்த ஆண்டே மறைந்தார். அத்திட்டத்திலிருந்து ஃபுல்லர் தம்பதியர் 1976-இல் சம்டர் மாவட்டத்தின் தலைநகரான அமெரிக்கஸ் நகரில் தொடங்கியதே 'ஹாபிட்டாட் ஃபார் ஹியுமானிட்டி' என்னும் அமைப்பு. வீடு பெறும் குடும்பம் தன் உழைப்பையும் தரவேண்டும், கடனைத் தவணையில் திருப்பவேண்டும், திரும்பும் பணம் அடுத்த வீட்டுக்குச் செல்லும் என்பது அதன் முறை. 1984-இல் கார்ட்டர் சுத்தியலுடன் அதில் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரில் பாழடைந்த ஆறு மாடிக் கட்டடமொன்றைச் செப்பனிட, மற்றத் தொண்டர்களோடு தாமும் பேருந்தில் சென்றார். பின்னர் ஆண்டுக்கு ஒரு வாரமென 2019 வரை, 14 நாடுகளில், 4,300-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டவும் செப்பனிடவும் கார்ட்டர் தம்பதியர் தொண்டர்களோடு உழைத்தனர். 2006-இல் மகாராஷ்டிரத்தில் லோனாவ்லாவை அடுத்த பாட்டன் என்னும் ஊரில் நூறு வீடுகள் எழுந்தன. 2019 அக்டோபரில் தொண்ணூற்றைந்து வயதில் வீட்டில் விழுந்து நெற்றியில் பதினான்கு தையல் போட்ட மறுநாளும், கறுத்து வீங்கிய கண்ணோடு நாஷ்வில் நகரப் பணிக்கு வந்து நின்றார்.

கொய்னோனியா எரியும்போது பேசாதிருந்தவர், கொய்னோனியாவின் வேரில் முளைத்த பணிக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் தச்சராக உழைத்தார். இதைக் குற்ற உணர்வால் செய்த பரிகாரம் என்று கூற நமக்கு உரிமையில்லை. அவர் அவ்வாறு சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் சகேயுவின் வீட்டில் இரட்சிப்பு வந்தபோது அது பகிர்ந்து கொடுத்தலாகவும் திரும்பச் செலுத்தலாகவும் வெளிப்பட்டதை நாம் பிரசங்கிக்கிறோம் அல்லவா? தொண்டை ஈகை என்றே பேசிப் பழகிய நம் சபைகள், அது கடன் தீர்த்தலாகவும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அவ்வெண்ணம் தொண்டரின் பெருமையைச் சற்றுக் குறைக்கும், அதனால் நட்டமில்லை.

எமோரி பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1982-இல் அட்லாண்டாவில் அவர் நிறுவிய கார்ட்டர் மையத்தின் பணிகளுள் தேர்தல் கண்காணிப்பு, போர் நிறுத்தப் பேச்சு முதலியவற்றைவிட நம் கருத்தைக் கவர்வது நரம்புச் சிலந்தி ஒழிப்பு. நம் வறண்ட மாவட்டங்களின் முதியோர் அந்நோயை அறிவர். நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்குள் இருக்கும் புழுவின் இளம்பருவம், குளத்து நீரை அப்படியே குடிப்போரின் உடலுக்குள் செல்கிறது. ஏறத்தாழ ஓராண்டுக்குப்பின், முழ நீளத்தையும் கடந்து, சிலரிடம் ஒரு மீட்டர் வரை வளர்ந்த புழு பெரும்பாலும் காலில் கொப்புளத்தைக் கிழித்து வெளிவருகிறது. எரிச்சல் தாளாமல் நோயாளி குளத்தில் காலை நனைக்க, புழு குஞ்சுகளை நீரில் விடுகிறது. சுழற்சி மீண்டும் தொடங்குகிறது. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. புழுவைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பதே பண்டைக்காலம் முதல் இன்றுவரை உள்ள மருத்துவம்.

1986-இல் மையம் இப்பணியை ஏற்றபோது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக 21 நாடுகளில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் ஆண்டுதோறும் துன்புற்றனர். 1988-இல் கானாவின் சிற்றூர் ஒன்றில், குழந்தையை மார்போடு அணைத்திருக்கிறாள் என்றெண்ணி ஓர் இளம்பெண்ணை அணுகிய கார்ட்டர், அவள் தாங்கியிருந்தது குழந்தையன்று, புழு வெளிவந்து வீங்கிய தன் மார்பகமே என்பதைக் கண்டார். டாக்டர் டொனால்ட் ஹாப்கின்ஸ் வழிகாட்ட, கையாண்ட முறை எளியது: நெருங்க நெய்த துணியில் நீரை வடிகட்டல், புழு வெளிவருவோரைக் குளத்தில் இறங்கவிடாமை, நீர்ப்பூச்சிகளைக் கொல்லும் மருந்தைக் குளத்தில் அளவாக இடல், ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் நாள்தோறும் விசாரித்து எழுதுதல். சாக் ரிவரின் திருகாணிகளைப்போல ஒவ்வொருவருக்கும் சிறு பங்கு. 1995-இல் சூடான் உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரையும் இணங்கச் செய்து, ஊர்களுக்குள் தொண்டர் செல்வதற்காக ஏறத்தாழ ஆறு மாதப் போர் நிறுத்தத்தைப் பெற்றார். நம் நாட்டில் இந்நோயை ஒழித்த பெருமை நம் சுகாதாரப் பணியாளருக்கே உரியது. 1980-களின் தொடக்கத்தில் தேசியத் திட்டம் தொடங்கியபோது நோய் கண்ட ஏழு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. படிக்கிணறுகள் மூடப்பட்டன அல்லது மாற்றப்பட்டன, கைப்பம்புகள் வந்தன, 1996-இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி காணப்பட்டார், 2000-இல் இந்தியா விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. உலகெங்கும் 2024-இல் நோயுற்றோர் 15 பேர். சாட் நாட்டில் நாய்களிடமும் இப்புழு காணப்படுவதால் கடைசிப் படி கடினமாயிற்று. தமக்கு முன்னே கடைசிப் புழு சாகவேண்டும் என்று 2015-இல் தமக்குப் புற்றுநோய் என அறிவித்த நாளில் அவர் விரும்பிச் சொன்னார். அது நிறைவேறவில்லை.

2002-இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் நடந்தது சபை வரலாற்றுக்கு முக்கியமானது. தென்னக பாப்திஸ்து கூட்டமைப்பு 2000-இல் தன் விசுவாச அறிக்கையைத் திருத்திப் போதகர் பணி ஆண்களுக்கே உரியதெனக் கூறியபோது, வாழ்நாள் முழுதும் தாம் சார்ந்திருந்த அவ்வமைப்பிலிருந்து அவர் வெளிப்படையாக விலகினார். எழுபத்தாறு வயது, இம்முறை படலைக் கண்டதும் நின்று பேசினார். ஆயினும் தம் ஊர்ச் சபையை விட்டு அவர் நீங்கவில்லை. 2008-இல் கறுப்பின, வெள்ளையின பாப்திஸ்து அமைப்புகள் பலவற்றை அட்லாண்டாவில் ஒரே மாநாட்டில் கூடச் செய்தார்.

2023 பெப்ரவரியில் மருத்துவமனைச் சிகிச்சையை விடுத்து வீட்டிலேயே இறுதிக்காலப் பராமரிப்பை ஏற்றார். சில நாட்களே என்று யாவரும் எண்ணினர். இருபத்திரண்டு மாதங்கள் வாழ்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் எழுபத்தேழு ஆண்டு வாழ்க்கைத் துணைவியார் மறைந்தபோது சக்கர நாற்காலியில் ஆராதனைக்கு வந்தார். 2025 ஜனவரி 4 அன்று அவர் உடலைச் சுமந்த வண்டி ஆர்ச்சரிப் பண்ணை முன் நின்றது. நாட்டின் 39-ஆம் தலைவர் என்பதால் பண்ணை மணி 39 முறை ஒலிக்கப்பட்டது. ஜனவரி 9 அன்று வாஷிங்டன் பேராலயத்தில் ஆராதனை நடந்தபின், மாலையில் மாரநாதா ஆலயத்தில் சிறு ஆராதனை நடந்தது. பின்னர் அவர்களுடைய வீட்டு வளாகத்தில், ரோசலின் அம்மையாருக்கு அருகே அடக்கம் செய்தனர்.